பேரரசன் கையில வாளைக் கொடுக்காதீங்க

போன வாரம் நண்பர் ஒருத்தரோட பதிவைப் படிச்சேன். ரோமப் பேரரசர்களும் அவங்க படைக்கலங்களும் பத்தி. நமக்குப் பிடிச்ச ஏரியாவாச்சேன்னு ஆசையா உள்ள போனா, நாலு பத்தி தாண்டறதுக்குள்ள ரத்த அழுத்தம் எகிறிடுச்சு. அகஸ்டஸ் குட்டை வாளை அறிமுகப்படுத்தினாராம். டிராஜன் இரும்புப் பட்டைக் கவசத்தை உருவாக்கினாராம். கடைசியா உச்சக்கட்டம், அந்த வாளெல்லாம் நம்ம சேர நாட்டு இரும்புல அடிச்சதாம். கீழே வரிசையா பின்னூட்டம், 'அருமை', 'கலக்கல் தல', 'புல்லரிக்குது'.

அங்கேயே ஒரு பின்னூட்டம் போட்டுட்டு வந்துடலாம்னுதான் ஆரம்பிச்சேன். அது பதிவை விட நீளமாப் போயிடுச்சு. அதனால தனிக்கடை. நண்பர் மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, உள்குத்தும் இல்லை, நேர்க்குத்துதான் :-)

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. ரோமானிய ஆயுதங்களோட வரலாறு வேற, ரோமானியப் பேரரசர்களோட வரலாறு வேற. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறது சினிமாக்காரன் வேலை. நாம ஏன் அதைச் செய்யணும்?

முதல்ல வாள். கிளாடியஸ்னு சொல்ற குட்டை வாளுக்கு ரோமானியர்களே வெச்ச முழுப்பேர் 'கிளாடியஸ் ஹிஸ்பானியென்சிஸ்'. அதாவது ஸ்பானிய வாள். பேர்லயே ஊர் இருக்கு. திருநெல்வேலி அல்வாவை மெட்ராஸ்காரன் கண்டுபிடிச்சான்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? ஹானிபாலோட நடந்த இரண்டாம் பியூனிக் போர்க் காலத்துல (கி.மு. 218-201) ஸ்பெயின் மண்ணுல சண்டை போட்டப்போ எதிராளி கையில பார்த்து எடுத்துக்கிட்டது அது. கி.மு. 200ல மாசிடோனியாவுல இந்த வாள் பட்ட பிணங்களைப் பார்த்து, தோளோட போன கையும் துண்டாப் போன தலையும் கண்டு, அந்த ஊர்ப் படையே மிரண்டு போச்சுன்னு லிவி எழுதறார். அகஸ்டஸுக்கு அகஸ்டஸ்ங்கற பட்டமே கி.மு. 27லதான் கிடைக்குது. பேரரசன்னு ஒரு ஆள் இருக்கறதுக்கு 170 வருஷம் முன்னாடியே ஊர் நடுங்க வெச்ச வாளை அவர் எப்படி சாமி அறிமுகப்படுத்துவார்?

மத்த சாமான்களும் இதே கதைதான். சங்கிலிக் கவசம் கால் நாட்டுக்காரங்களோடதுன்னு ரோமானியரான வார்ரோவே எழுதி வெச்சிருக்கார். தலைக்கவசத்துல பாதி வகை கெல்ட்டிய வடிவம். இன்னைக்கும் தொல்லியல்காரங்க 'இம்பீரியல் காலிக்'னுதான் ஒரு வகைக்குப் பேர் வெச்சிருக்காங்க. பின்னாடி வந்த நீள வாளான ஸ்பாத்தா, ரோமுக்காகச் சண்டை போட்ட வெளிநாட்டுக் குதிரைப்படை வழியா வந்து, மூணாம் நூற்றாண்டுல காலாட்படை இடுப்புக்கும் ஏறிடுச்சு. ரெண்டு கையால பிடிக்கிற நீள ஈட்டி சார்மேஷியர்கள்கிட்ட இருந்து. எறிபடை எந்திரங்கள் கிரேக்கர்கள்கிட்ட இருந்து. இதுல எனக்கு இளப்பம் ஒண்ணும் இல்லை. சொல்லப்போனா ரோமானியர்களோட நிஜமான திறமையே இதுதான். நல்லதா எங்கே பார்த்தாலும் வெட்கப்படாம எடுத்துக்கிறது. பாலிபியஸ் இதைச் சொல்லியிருக்கார். ஹேட்ரியன் காலத்துல கவர்னரா இருந்த ஆரியனும் இதையே பாராட்டாச் சொல்லியிருக்கார். அவங்களே ஒத்துக்கிட்டதை மறைச்சு, 'பேரரசரின் மூளையில் உதித்தது'ன்னு பில்டப் கொடுக்கறது யாருக்காக?

சரி, டிராஜனும் பட்டைக் கவசமும். இதைக் கொஞ்சம் விரிவாவே பார்க்கலாம், ஏன்னா எல்லாரும் வழுக்கி விழற இடம் இது.

ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ்ல இருந்து கிளாடியேட்டர் படம் வரைக்கும் ரோமானிய வீரன்னா கிடைமட்டமா இரும்புப் பட்டைகளை அடுக்கின கவசம்தான். இதை 'லோரிகா செக்மென்டாட்டா'ன்னு லத்தீன்ல சொன்னதும் ஏதோ ரோமானியப் பேர்னு நெனச்சுடாதீங்க. 16ஆம் நூற்றாண்டுல அறிஞர்கள் சூட்டின பேர் அது. டிராஜன் பிறந்தது கி.பி. 53. ஆனா ஜெர்மனியில கால்க்ரீசேங்கற இடத்துல, கி.பி. 9ல மூணு லீஜியன் மொத்தமா அழிஞ்ச போர்க்களத்துல, இந்தக் கவசம் ஒண்ணு கிட்டத்தட்ட முழுசா 2018ல கிடைச்சிருக்கு. அப்போ டிராஜனோட அப்பாவே குழந்தையா இருந்திருப்பார், இல்லை பிறந்தே இருக்க மாட்டார். அந்த மூணு லீஜியனும் அவ்வளவு நல்ல கவசம் போட்டுக்கிட்டேதான் செத்தாங்கங்கறது இன்னொரு விஷயம்.

அப்புறம் ஏன் டிராஜன் பேர் இதுல ஒட்டிக்கிச்சு? ரோம் நகரத்துல இருக்கற டிராஜன் தூண்தான் காரணம். கி.பி. 113ல திறந்தது. சுமார் 30 மீட்டர் உயரத்துக்குச் சுத்திச் சுத்தி டேசியப் போரைச் (101-102, 105-106) சிற்பமா செதுக்கியிருக்காங்க. ஆயிரக்கணக்கான உருவம். அதுல டிராஜன் மட்டும் அறுபது இடத்துக்குப் பக்கத்துல வர்றார். நம்ம ஊர் கட்-அவுட் கலாசாரத்துக்கு முன்னோடி. அதுல லீஜியன் வீரன்லாம் பட்டைக் கவசம், துணைப்படை வீரன்லாம் சங்கிலிக் கவசம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி பிசிறில்லாம இருக்கும். யார் யார்னு பார்க்கறவனுக்குப் புரியறதுக்காகத் தலைநகரச் சிற்பிகள் செஞ்ச ஏற்பாடு அதுன்னுதான் பல ஆய்வாளர்கள் சொல்றாங்க.

இப்போ இன்னொரு நினைவுச்சின்னத்துக்கு வாங்க. இன்னைய ருமேனியாவுல ஆடம்கிளிசின்னு ஒரு ஊர். அதே டிராஜனோட அதே போர்களுக்காக கி.பி. 109ல எழுப்பினது. சிற்பம் பார்க்க சகிக்காது. மூக்கும் முழியும் ஒரு தினுசா, குழந்தை வரைஞ்ச பொம்மை மாதிரி இருக்கும். ஆனா போர் நடந்த நிலத்துக்குப் பக்கத்துலயே நின்னு செதுக்கினது. அதுல லீஜியன் வீரர்கள் போட்டிருக்கறது பட்டைக் கவசம் இல்லை. சங்கிலிக் கவசமும் செதில் கவசமும். அதோட வலது கைக்கு, தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் அடுக்கடுக்கா ஒரு தனி உறை.

ஏன் அந்தக் கை உறை? டேசியர்கள்கிட்ட ஃபால்க்ஸ்னு ஒரு ஆயுதம் இருந்துச்சு. உள்பக்கமா வளைஞ்சு, உள்விளிம்புல கூர் வெச்சு, ரெண்டு கையால ஓங்கிப் போடறது. நம்ம வீச்சரிவாளுக்கு பெரியப்பான்னு வெச்சுக்கங்களேன். கேடயத்துக்கு மேல எட்டி வந்து தலையையும் வாள் பிடிச்ச கையையும் பதம் பார்க்கும். அதுக்குத்தான் கை உறை. தலைக்கவசத்துக்கு மேலயும் குறுக்கு நெடுக்கா ரெண்டு இரும்புப் பட்டை வெச்சு ஆணி அடிச்சிருக்காங்க. ருமேனியாவுல பெர்சோவியாங்கற இடத்துல கிடைச்ச தலைக்கவசத்துல, முதல்லயே செஞ்சு முடிச்ச வேலைப்பாட்டுக்கு மேல இந்தப் பட்டையை அப்புறமா ஒட்டுப் போட்டிருக்கறது தெளிவாத் தெரியுது. ஒட்டுன்னா நம்ம சைக்கிள் கடை ஒட்டுதான். அழகெல்லாம் பார்க்கலை. நாளைக்குக் காலையில அந்த அரிவாள் திரும்ப வரும், அதுக்குள்ள தலை தாங்கணும், அவ்வளவுதான் கணக்கு. இது பேரரசன் அரண்மனையில உட்கார்ந்து போட்ட திட்டம் மாதிரியா இருக்கு? பக்கத்துக் கூடாரத்துக்காரன் மண்டை பொளந்ததைப் பார்த்த ஒரு பட்டறைக்காரன் கைவேலை மாதிரி இருக்கா?

எழுபதாம் வருஷம் ஜெருசலேம் முற்றுகையிலயும் இதே மாதிரி ஒண்ணு. ஜோசிபஸ் நேர்ல இருந்து பார்த்து எழுதினது. ரோமானிய எந்திரங்கள் வீசின கல் ஒவ்வொண்ணும் ஒரு டாலன்ட் எடை, அதாவது இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல. கல்லு வெள்ளையா இருந்ததால காவல்கோபுரத்துல நின்னவன் தூரத்துலயே பார்த்து 'மகன் வர்றான்'னு கத்துவானாம், கீழே இருக்கறவங்க படுத்துடுவாங்களாம். (ஹீப்ருவுல கல்லுக்கும் மகனுக்கும் ஒலி நெருக்கம், அதை வெச்சு அடிச்ச ஜோக்கா இருக்கலாம். சாவு தலைக்கு மேல பறக்கும்போதும் மனுஷனுக்கு ஜோக் வருது பாருங்க.) ரோமானியர்கள் என்ன செஞ்சாங்க? கல்லுக்குக் கறுப்பு பூசிட்டாங்க. கண்ணுக்குத் தெரியலை, சாவு எண்ணிக்கை ஏறிடுச்சு. அந்த யோசனை யாரோடதுன்னு ஜோசிபஸ் சொல்லலை. தளபதி டைட்டஸைப் பக்கம் பக்கமாப் புகழ்ந்து தள்ளற மனுஷன், இது டைட்டஸ் மூளைன்னா விட்டிருப்பாரா?

"அப்போ பேரரசர்கள் ஆயுதத்தைத் தொடவே இல்லையா?"ன்னு கேட்பீங்க. தொட்டாங்க, தொட்டாங்க. எப்படின்னு சொல்றேன்.

கலிகுலா கி.பி. 40 வாக்குல வடக்குக் கடற்கரையில படையை அணிவகுத்து நிறுத்தி, எறிபடை எந்திரங்களையெல்லாம் கடலைப் பார்த்து அடுக்கி, அப்புறம் எல்லாரும் கிளிஞ்சல் பொறுக்குங்கன்னு உத்தரவு போட்டார். சூட்டோனியஸ் சொல்ற கதை. டொமிஷியன் அம்பு விடறதுல கில்லாடி. தூரத்துல ஒரு அடிமைப் பையனைக் கை விரிச்சு நிக்க வெச்சு, விரல் இடுக்கு வழியா அம்பு விடுவார். கொமோடஸ் ஒரு படி மேல. தீக்கோழி கழுத்தை ஓடும்போதே வெட்டறதுக்காகப் பிறை வடிவத்துல முனை வெச்ச அம்புகள் வெச்சிருந்தார்னு ஹெரோடியன் எழுதறார். பேரரசன் தனக்குன்னு தேர்ந்தெடுத்த விசேஷ ஆயுதம்னு நான் படிச்சதுல இதுதான் பெருசு. எதிரி, தீக்கோழி! ஒரு நாள் வெட்டின தீக்கோழித் தலையை ஒரு கையிலயும் ரத்தம் சொட்டற வாளை இன்னொரு கையிலயும் வெச்சுக்கிட்டு செனட்டர்கள் முன்னாடி வந்து நின்னு சிரிச்சார். காசியஸ் டியோ அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருந்தவர். சிரிப்பு வந்தா தலை போயிடும்னு தலையில இருந்த மாலையோட இலைகளைப் பிச்சு வாயில போட்டு மென்னுகிட்டு இருந்தோம்னு எழுதியிருக்கார்.

ஒருத்தர் மட்டும் நிஜமாவே படையோட ஆயுதத்தையே மாத்தினார். கரகல்லா. அலெக்சாண்டர் பித்து. (அந்தப் பித்து நீரோவுக்கும் உண்டு, ஆறடி ஆளாப் பொறுக்கி ஒரு லீஜியன் சேர்த்து அதுக்கு அலெக்சாண்டரோட ஃபாலங்க்ஸ்னு பேர் வெச்சார்.) கரகல்லா 16,000 மாசிடோனியர்களைச் சேர்த்து, பச்சை மாட்டுத்தோல் தொப்பி, மூணு மடிப்பு லினன் மார்க்கவசம், வெண்கலக் கேடயம், நீள ஈட்டின்னு ஐநூறு வருஷத்துக்கு முந்தின உடுப்பை மாட்டிவிட்டார்னு டியோ சொல்றார். கிழக்குல பார்த்தியர்கள் குதிரையோட சேர்த்துக் கவசம் போட்டு வர்ற காலத்துல! கடைசியில 217 ஏப்ரல்ல, வழியில குதிரையை விட்டு இறங்கி ஒதுங்கின நேரத்துல, சொந்தப் படை ஆள் ஒருத்தன் கத்தியால குத்தினதுல ஆள் காலி.

நியாயமாச் சொல்லணும்னா ஹேட்ரியன் விதிவிலக்கு. முகாம் முகாமாப் போய் ஆயுதம், எந்திரம், அகழி வரைக்கும் தானே சோதிச்சவர். 128ல வட ஆப்பிரிக்காவுல லாம்பேசிஸ் முகாம்ல படைப்பயிற்சியைப் பார்த்துட்டு அவர் பேசினது கல்வெட்டாவே கிடைச்சிருக்கு. எது சரி, எது நொட்டைன்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்றார். அவருக்கு ஒரு சலாம். ஆனா அதே ஹேட்ரியன் மேலதான் இந்தக் கதையும் இருக்கு. டான்யூப் ஆத்துக்குக் குறுக்க டிராஜனுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவர் டமாஸ்கஸ்காரர் அப்போலோடோரஸ். முற்றுகை எந்திரங்கள் பத்தி அவர் பேர்ல ஒரு நூலே இருக்கு. டிராஜன்கூட அவர் பேசிக்கிட்டு இருந்தப்போ, இளவட்டமா இருந்த ஹேட்ரியன் குறுக்க மூக்கை நுழைக்க, 'நீ போய் உன் சுரைக்காயை வரைப்பா'ன்னு சொல்லிட்டார். பின்னாடி ஹேட்ரியன் அதை மனசுல வெச்சிருந்து, முதல்ல ஊரை விட்டுத் துரத்தி அப்புறம் கொன்னுட்டார்னு டியோ எழுதறார். கொலை வரைக்கும் உண்மையான்னு ஆய்வாளர்கள் சந்தேகப்படறாங்க. சந்தேகம் இருக்கட்டும். ராஜாவோட பொறியாளரா இருக்கறது எவ்வளவு பாதுகாப்பான உத்தியோகம்னு ரோமானியர்களே என்ன நெனச்சாங்கங்கறது அதுல தெரியுதுல்ல?

பிரிட்டனுக்கு கவர்னரா இருந்த ஃப்ரான்டினஸ், டொமிஷியன் காலத்துல போர்த் தந்திரங்கள் பத்தி ஒரு நூல் எழுதினார். அதுல முற்றுகை எந்திரங்களைப் பத்திப் பேச மாட்டேன்னுட்டார். அதுல கண்டுபிடிக்க இனிமே ஒண்ணும் இல்லை, எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சுங்கறது அவர் கட்சி. மேல்மட்டத்து மனசு அப்படி. நாலாம் நூற்றாண்டுல பேர் தெரியாத ஒருத்தர் 'போர் விஷயங்கள் பற்றி'ன்னு பேரரசருக்கே ஒரு நூல் எழுதி அனுப்பினார். மாடு கட்டிச் சக்கரம் சுத்தி ஓட்டற போர்க்கப்பல், சாட்டையும் அரிவாளும் வெச்ச ரதம்னு படம் போட்டு. அதோட, வரியைக் குறைங்க, அதிகாரிங்க கொள்ளையைத் தடுங்கன்னும் அறிவுரை. அதுல ஒரு எந்திரத்தையாவது யாரும் செஞ்சதா தடயமே இல்லை. இதுக்கு நேர் எதிரா, கி.மு. 399ல சிராக்யூஸ் சர்வாதிகாரி முதலாம் டயோனிசியஸ் ஊர் ஊரா கைவினைஞர்களைக் கூட்டி வந்து, நல்ல கூலி கொடுத்து, பரிசு கொடுத்து, தன் பந்தியிலயே உட்கார வெச்சுச் சோறு போட்டார். அந்தப் பட்டறையிலதான் கேட்டபுல்ட் பிறந்துச்சுன்னு டயடோரஸ் எழுதறார். அங்கேயும் கண்டுபிடிச்சது டயோனிசியஸ் இல்லை. ஆனா அந்த ஆளுக்கு யாரைப் பக்கத்துல உட்கார வெக்கணும்னாவது தெரிஞ்சிருந்தது.

ரோம்ல நிலைமை என்ன? கி.பி. 14ல அகஸ்டஸ் செத்ததும் பன்னோனியா முகாம்ல கலகம். முன்னாடி நாடகக் கொட்டகையில கைதட்டற கோஷ்டிக்குத் தலைவனா இருந்த பெர்சென்னியஸ்னு ஒரு சாதாரண சிப்பாய் எழுந்து பேசறான். உசுருக்கும் உடம்புக்கும் ஒரு நாளைக்குப் பத்து ஆஸ் காசுதான் விலை, அதுலயே துணி, ஆயுதம், கூடாரம் எல்லாத்துக்கும் கழிச்சுக்கறாங்கன்னு. டாசிட்டஸ் பதிவு பண்ணியிருக்கார். கணக்குப் போட்டுப் பார்த்தா வருஷத்துக்கு 225 டினாரி வருது, அந்தக் காலச் சம்பளம் அதுதான். ஆக, நம்ம நண்பர் அகஸ்டஸ் 'கொடுத்த' வாளுக்கு சிப்பாய்தான் சம்பளத்துல இருந்து காசு கட்டியிருக்கான்! கிடைச்ச தலைக்கவசங்கள்ல பலதுல புள்ளி புள்ளியாக் குத்தி மூணு பேர், நாலு பேர் பேர் இருக்கு. ஒருத்தன் ஓய்வு பெற, இல்லை சாக, அடுத்தவன் கைக்குப் போகும். செகண்ட் ஹேண்ட் வண்டி ஆர்.சி. புத்தகம் மாதிரி.

டயோக்ளீஷியன் காலத்து வாக்குல அரசே ஆயுத ஆலைகளை நடத்த ஆரம்பிச்சுது. இதைப் பேரரசர்கள் கணக்குல தாராளமா எழுதிக்கலாம். நோட்டீஷியாங்கற அரசாங்கப் பட்டியல்ல முப்பத்தி சொச்சம் ஆலைகள் இருக்கு. இத்தாலியில கான்கார்டியா அம்பு, கிரிமோனா கேடயம், லுக்கா வாள், டிசினம் வில்லுன்னு ஊருக்கு ஒரு தொழில். தொழிலாளி கதி? பரம்பரை பரம்பரையா அங்கேயே கட்டிப்போட்டாங்க. ஓடிடக்கூடாதுன்னு 398ல ஒரு சட்டம், அவங்க கையில முத்திரை குத்தணும்னு. வேடிக்கை என்னன்னா, இந்த ஆலைப் பட்டியலும், யாரும் கண்டுக்காத அந்த மாட்டுக்கப்பல்காரர் நூலும் ஒரே சுவடிக்கட்டுல சேர்ந்துதான் நம்ம காலம் வரைக்கும் பிழைச்சு வந்திருக்கு.

கடைசியா சேர இரும்பு. இங்கே ஆட்டோ வரும்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். பிளினி, இரும்புலயே உசத்தி 'செரஸ்' நாட்டு இரும்புன்னு எழுதினது உண்மை. துணியோடயும் தோலோடயும் சேர்த்து அனுப்பறாங்கன்னும் சொல்றார். செரஸ்னா பொதுவா கிழக்கத்திப் பட்டுக்காரங்க, அதாவது சீனப் பக்கம். ஒலி ஒத்துமையை வெச்சு 'சேரர்'னு சிலர் வாதம் பண்றாங்க, அது வாதம்தான், முடிவு இல்லை. இந்திய இரும்பும் உருக்கும் செங்கடல் துறைமுகங்களுக்குப் போனதை பெரிப்ளூஸ் சொல்லுது, ஆனா அதை அனுப்பினதா அது சொல்றது மேற்கு இந்தியாவுல இருக்கற அரியாகே பகுதியை. அலெக்சாண்ட்ரியாவுல சுங்கம் கட்ட வேண்டிய சரக்குப் பட்டியல்ல 'இந்திய இரும்பு' இருக்கு. இவ்வளவுதான் கையில இருக்கற சீட்டு. இதை வெச்சு முப்பது லீஜியனுக்கும் வாள் அடிக்க முடியுமா? ஆயிரக்கணக்கான மைல் கடல் தாண்டி, சுங்கம் கட்டி வர்ற விலையுயர்ந்த சரக்கு அது. சிப்பாய் வாளுக்கு இரும்பு பக்கத்துலயே இருந்துச்சு. இன்னைய ஆஸ்திரியாவுல இருக்கற நோரிகம் இரும்புக்கு அப்பவே பெரிய பேர். ஸ்பெயின்லயும் கால் நாட்டுலயும் கூடக் கிடைச்சுது. ரோமானிய வாள்களை வெட்டிச் சோதிச்சுப் பார்த்ததுல சிலது நல்ல உருக்கு, சிலது ஒண்ணுக்கும் உதவாத மெதுவான இரும்பு. எல்லாம் உயர்ரக உருக்கு இல்லை.

ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில கொடுமணல்ல இரும்பு உருக்கின உலைகள் தோண்டி எடுத்திருக்காங்க. கொங்கு நாட்டுல அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் பானை பானையா கிடைச்சிருக்கு. இதுவே போதுமான பெருமை. இதுக்கு மேல டிராஜன் இடுப்புல ஒரு வாளைச் சொருகித்தான் கொடுமணல் கொல்லனுக்கு மரியாதை வாங்கித் தரணுமா? நாளைக்கு ஒரு வெளியூர்க்காரன் இந்த வாள் கதையைப் பொய்னு நிரூபிச்சான்னா, பக்கத்துல இருக்கற உலையையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவான்?

"பேர் தெரியாத பட்டறைக்காரனைப் பத்தி என்னத்தை எழுதறது, பேரரசன்னாதான் ஹிட்ஸ் வரும்"னு ஒரு நண்பர் சாட்ல சொன்னார். பேர் தெரிஞ்ச ஆள் ஒருத்தரையாவது தர்றேன், எடுத்துக்கங்க. இங்கிலாந்துல பாத் நகரத்துல ஒரு கல்லறைக் கல் கிடைச்சிருக்கு. ஜூலியஸ் வைட்டாலிஸ். இருபதாம் லீஜியனோட ஆயுதப் பட்டறைக்காரர். பெல்ஜிக் இனம். ஒன்பது வருஷம் சர்வீஸ், சாகும்போது வயசு 29. அடக்கம் பண்ணினது பேரரசன் இல்லை, அவர்கூட வேலை பார்த்த பட்டறைக்காரங்க சங்கம்.

இனி உங்க பாடு. ரோமானியப் பேரரசன் ஒருத்தன் தானே யோசிச்சுக் கொண்டு வந்த உருப்படியான ஆயுதம்னு ஆதாரத்தோட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, பதிவைத் திருத்திடறேன். தீக்கோழி அம்பு மட்டும் செல்லாது.